காற்றைத் தபாலில் வருவிக்க முடியுமா?

மன்னார்க் கடலில் முத்துக்குளித்த நம் முன்னோர், நீரினுள் இறங்குமுன் கயிற்றின் மறு நுனியைத் தம் மைத்துனன் கையிலேயே கொடுப்பர் என்று கரையோர மக்கள் சொல்வதுண்டு. தன் உடன்பிறந்தாள் தாலியிழப்பதை எவனும் விரும்பான். ஆதலால் மேலே இழுக்கும் கை தவறாது என்பது அவர்கள் கணக்கு. மூச்சடக்கிச் சென்ற அக்காலத்துச் சுழியோடிக்குக் கயிறு எப்படியோ, முதுகிலே காற்றுச் சிலிண்டரைச் சுமந்து செல்லும் இக்காலத்துச் சுழியோடிக்கு அவன் வாயிற் கவ்வியிருக்கும் கருவி அப்படி. அக்கருவியை யாரிடமிருந்து பெற்றுக்கொள்வது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் விஷயம்.

விடுமுறைக்கு நிலாவெளி சென்று புறாத்தீவின் பவளப் பாறைகளைக் கண்டு திரும்பிய மாணவனுக்கு, மீண்டும் அக்கடலுட் செல்ல வேண்டுமென்னும் ஆசை எழுவது இயல்பே. வீட்டிற்கு வந்ததும் கைத்தொலைபேசியைத் திறக்கின்றான். முகக்கண்ணாடி முதல் சிலிண்டர் வரை ஸ்கூபாக் கருவிகள் யாவும் படத்தோடும் விலையோடும் அங்கே வரிசையாகக் காட்சி தருகின்றன. கடையிற் கேட்ட விலையோ அதனினும் கூடியது. “அப்பா, இணையத்தில் வாங்கினால் என்ன?” என்று அவன் கேட்கும்போது தந்தையார் என்ன விடை கூறுவது?

இந்த வழக்கு நமக்குப் புதிது. அமெரிக்கருக்கோ மிகப் பழையது. ஆகவே அவர்கள் கதையை முதலிற் பார்த்துவிடுவோம்.

நீருக்கடியிற் சுவாசிக்க உதவும் நவீன கருவியை 1943ஆம் ஆண்டிற் பிரான்சிலே ஜாக் கூஸ்தோ என்னும் கடற்படை அதிகாரியும், எமில் கான்யான் என்னும் பொறியியலாளரும் உருவாக்கினர். போர்க்காலத்திற் பெற்றோல் கிடையாமையால் மோட்டார் வண்டிகளை எரிவாயுவில் ஓட்டுவதற்குக் கான்யான் செய்திருந்த சிறு அடைப்பிதழே அதற்கு மூலம். வண்டிக்காகப் பிறந்தது மனிதனின் வாய்க்கு வந்து சேர்ந்தது! 1940களின் இறுதியில் அது அமெரிக்காவை அடைந்தபோது, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து விளையாட்டுப் பொருட்கடை ஒன்றின் வாயிலாகவே முதலில் விற்பனையாயிற்று. பணம் கொடுத்தவர்க்கெல்லாம் கருவி கிடைத்தது. பயன்படுத்துமாறு கற்பிப்பார்தாம் இல்லை.

அதன் பயன் என்னவாயிருக்கும் என்பதை உணர, சிறிது பௌதிகம் அறிதல் வேண்டும். கடலிற் பத்து மீற்றர் இறங்கினால் அழுத்தம் இரு மடங்காகின்றது. அவ்வாழத்திலே நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு, மூச்சை அடக்கியபடி ஒருவன் மேலே வருவானாயின், அக்காற்று இரு மடங்கு இடத்தைத் தேடும். நெஞ்சிலோ அவ்வளவு இடமில்லை. சுவாசப்பை கிழிந்து உயிர் போம். இதனைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். சொல்லாமல் விட்டால் ஓர் உயிர். ஆதலாலேதான் 1954ஆம் ஆண்டளவில் லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட நிருவாகம் பயிற்சித் திட்டமொன்றைத் தொடங்கிற்று. 1966ஆம் ஆண்டிற் பிறந்து இன்று உலகெங்கும் பரவியுள்ள ‘பாடி’ என்னும் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கிய இருவருள் ஒருவர் ஜோன் குறோனின் என்பவர். அவர் சுழியோடல் கருவிக் கம்பனி ஒன்றின் விற்பனையாளர் என்பது கவனிக்கத்தக்கது. அன்றிலிருந்து கடையும் பள்ளிக்கூடமும் ஒரே கூரையின் கீழ் வந்தன. பாடத்திற்குக் குறைந்த கட்டணம் வாங்கி, அதனால் வரும் நட்டத்தைக் கருவி விற்ற இலாபத்திலே ஈடுசெய்வது கடைக்காரர் பலரின் வழக்கமாயிற்று.

இந்த ஏற்பாட்டிலே கல்லெறிந்தவை முதலில் தபால்மூல வியாபாரமும், பின்னர் இணையக் கடைகளும். அவற்றிற்குப் பாடம் நடத்தும் செலவில்லை. நீச்சற் குளம் வேண்டுவதில்லை. ஆதலால் விலையைக் குறைத்தன. கடைக்காரர் கூக்குரலிட்டனர். உற்பத்தியாளர் சிலர், “எம் அங்கீகாரம் பெற்ற கடையில் வாங்காத பொருளுக்கு உத்தரவாதம் இல்லை” என்றனர். உதிரிப் பாகங்களையும் அத்தகைய கடைகளுக்கே கொடுத்தனர். இதற்குக் குறைந்து விளம்பரஞ் செய்யலாகாது என்று விலையெல்லை வகுத்தோரும் உளர். பொருளைச் செய்பவன் விற்பவனுக்குக் குறைந்தபட்ச விலையை விதிப்பது எந்நிலையிலும் குற்றமென 1911ஆம் ஆண்டிலே தீர்ப்பளித்திருந்த அமெரிக்க உயர் நீதிமன்றம், 2007ஆம் ஆண்டில் அதனை மாற்றி, ஒவ்வொரு வழக்கையும் அதனதன் நியாயம் பார்த்தே தீர்க்க வேண்டுமென்றது. அந்த வழக்கு சுழியோடற் கருவியைப் பற்றியதன்று. பெண்களின் தோற்பொருட்களைப் பற்றியது. எனினும் விலை காக்கும் உற்பத்தியாளர் எல்லார்க்கும் அது துணையாயிற்று.

அந்நாட்டுக் கடைக்காரர் அடிக்கடி எடுத்து வீசும் ஆயுதம் ஒன்றுண்டு: “இஃது உயிர் தாங்கும் கருவி; கண்ட இடத்தில் வாங்காதீர்!” இதிற் பாதி உண்மை, பாதி வியாபாரம். ஒரே தொழிற்சாலையிற் செய்து, ஒரே பெட்டியில் அடைத்து, முத்திரையிட்டு வந்த கருவி, கடையின் கண்ணாடி அலுமாரியில் இருந்ததனால் உயர்வோ, பொதியில் வந்ததனால் தாழ்வோ அடைவதில்லை. விலை மிகுதிக்கு அச்சத்தைக் காரணங்காட்டும் வியாபாரியை நாம் ஆதரிக்க வேண்டியதில்லை.

ஆனால் மற்றைப் பாதியும் உண்டு. கடையின் பின்புறத்திலே ‘கொம்பிறசர்’ எனப்படும் அழுத்தும் பொறி ஒன்று இரைந்துகொண்டிருக்கும். மோட்டார் வண்டிச் சில்லிலுள்ள அழுத்தத்தைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு, அஃதாவது 200 பார் வரை, அது காற்றை அழுத்திச் சிலிண்டரில் நிரப்புகின்றது. அப்பொறி காற்றை இழுக்கும் வாய்க்கு அருகே ஓர் எஞ்சினின் புகை வருமாயின், நச்சு வாயுவாகிய காபனோரொட்சைட்டு அக்காற்றிற் கலந்துவிடும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தரையிலே தலைவலி தருமளவான நச்சு, முப்பது மீற்றர் ஆழத்தில் நான்கு மடங்கு வலுவோடு தாக்கும். வடிகட்டியைக் காலந்தவறாது மாற்றி, பொறியைச் சுத்தமாகப் பேணும் ஒருவரையே நாம் ஒவ்வொரு முறையும் நம்பிக் கடலுக்குட் போகின்றோம். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் எந்தப் பொருளும் பொதியில் வரும். நிரப்பிய காற்று வாராது. கடையிலே அரை மணி நேரம் பொருள்களை அணிந்து பார்த்து, அறிவுரையும் கேட்டுக்கொண்டு, வாயிலைத் தாண்டியதும் கைத்தொலைபேசியில் அதே பொருளை மலிவாக வாங்குவோர் பலர். அக்கடை மூடப்படும் நாளில் இந்தக் கொம்பிறசரும் உடன் போகும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

முகத்துக்கு ஏற்ற கண்ணாடி

கருவிகள் யாவும் ஒரு தரத்தன அல்ல. முகக்கண்ணாடியைக் கண்ணாற் பாராது வாங்குவது, காலை அளவாமற் செருப்பு வாங்குவதிலும் மோசம். கண்ணாடியின் பட்டியைத் தலையில் மாட்டாமல், முகத்தில் மட்டும் வைத்து மூக்கினால் மெல்லக் காற்றை இழுத்துப் பார்க்க வேண்டும். கையை எடுத்தாலும் விழாது ஒட்டிக்கொண்டிருக்குமாயின் அது அம்முகத்திற்கு உரியது. ஒருவர் முகத்திற் பொருந்துவது மற்றவர் முகத்திற் பொருந்தாது. விலை அதிகமானது நன்கு பொருந்தும் என்பதுமில்லை. மீசை வைத்திருப்போர்க்கு நீர் கசியும் தொல்லை எப்போதும் கொஞ்சம் உண்டு. அதற்குக் கடைக்காரரைக் குறை சொல்வதிற் பயனில்லை.

முகம் முழுவதையும் மூடும் கண்ணாடிகள் இணையத்திலே மிக மலிவாக விற்கப்படுகின்றன. பெயர்போன கம்பனிகளின் வடிவத்தை அப்படியே பார்த்துச் செய்த போலிகளும் அவற்றுள் உண்டு. வெளிவிட்ட மூச்சு நன்கு வெளியேறாதபடி அமைந்தவற்றில், அதே மூச்சையே திரும்பத் திரும்பச் சுவாசிக்க நேரும். பெரும்பாலானவற்றில் மூக்கைப் பிடித்துக் காதின் அழுத்தத்தைச் சரிசெய்யவும் வழியில்லை. சிறுவர்க்கு இவற்றை வாங்கிக் கொடுக்க விரும்பும் பெற்றோர் இரு முறை சிந்திப்பார்களாக.

நீச்சற் சட்டையும், செட்டைக் காலணியும் உடலோடு பொருந்த வேண்டியவையே. பெரும்பாலும் மேனாட்டார் உடலுக்கென வெட்டப்பட்ட அளவுகள் நம்மவர்க்கு ஒரு சில இடங்களில் தொளதொளக்கும். எமது கடலின் வெதுவெதுப்பான நீருக்கு மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ள சட்டை போதும். மாறாக, ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் மணிக்கட்டுக் கணினி, கைவிளக்கு, கத்தி, பை முதலியவற்றை இணையத்தில் வாங்குவதிலே தவறு காண்பதற்கில்லை. சுங்கத்திற் செலுத்த வேண்டிய வரியையும் கூட்டிப் பார்த்து மலிவென்றால் வாங்கலாம்.

சீராக்கியும் சிலிண்டரும்

‘றெகுலேற்றர்’ எனப்படும் சீராக்கியே இவ்விவகாரத்தின் நெஞ்சு. சிலிண்டரின் பேரழுத்தத்தை முதலிற் சுமார் பத்துப் பார் அளவிற்கும், பின் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கும் இறக்கித் தருவது அது. அதனுள்ளே உள்ள றப்பர் வளையங்கள் உப்புநீராலும் காலத்தாலும் தேயும். ஆண்டுக்கு ஒரு முறையோ, இரண்டாண்டுக்கு ஒரு முறையோ, உற்பத்தியாளர் சொன்னபடி பிரித்துச் சுத்தஞ்செய்து பாகங்களை மாற்றுதல் அவசியம். எனவே, “எது மலிவு?” என்பது முதற் கேள்வியன்று, “எனக்கு அண்மையிலுள்ள எவர் இதனைத் திறந்து பழுதுபார்க்கக் கூடியவர்?” என்பதே முதற் கேள்வி. அருகிலுள்ள சுழியோடல் நிலையத்திற்குச் சென்று, எந்தக் கம்பனியின் பாகங்கள் அவர்களுக்குக் கிடைக்கின்றன என்று வினவி, அந்தக் கம்பனியின் சீராக்கியை எங்கே வாங்கினாலும் குற்றமில்லை. வினவாமல் வாங்கியவர் பொதியைத் திரும்பவும் கடல் கடந்து அனுப்பிப் பழுதுபார்க்க நேரும். மலிவாகக் கிடைத்த இலாபம் தபாற் செலவிலே கரைந்துபோம்.

சீராக்கி சிலிண்டரிற் பூட்டும் முறையும் இரண்டு வகை. ஒன்று நுகம் போன்ற கவ்வியாற் பற்றுவது. மற்றது திருகி இறுக்குவது. வெப்ப நாடுகளின் சுழியோடல் நிலையங்களிற் பெரும்பாலும் காணப்படுவது கவ்வி முறை. படத்தைப் பார்த்து மற்றதை வருவித்தவன் கடற்கரையிலே மாற்றுக் கருவி தேடி அலைவான்.

இது வெறும் அலைச்சல். இதனினும் கொடியது சிலிண்டரின் கழுத்திலே உள்ளது. சிலிண்டரின் வாய்க்கும் அதன் அடைப்பிதழுக்கும் உரிய புரிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். இருபத்தைந்து மில்லிமீற்றர்ப் புரியுள்ள அடைப்பிதழ், அதனிற் சற்றே அகன்ற முக்கால் அங்குலப் புரியுள்ள கழுத்தினுள்ளும் திருகிச் செல்லும். கைக்கு இறுகியது போலவே தோன்றும். காற்றை நிரப்பும்போதோ, நிரப்பிய பின்னரோ, அது துப்பாக்கிக் குண்டு போலப் பிய்த்துக்கொண்டு பறக்கும். இதனால் உயிரிழந்தோர் உலகில் உண்டு. சிலிண்டரை ஓரிடத்திலும் அடைப்பிதழை வேறோரிடத்திலும் மலிவு பார்த்து வாங்குவோர் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

1956ஆம் ஆண்டில் இலங்கையிற் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் எமது கடலடியைப் படம்பிடித்த காலத்திலே, இத்தகைய கருவிகள் இந்நாட்டில் அபூர்வம். 1961ஆம் ஆண்டில் வில்சன் தென்கிழக்குக் கடலின் பெரிய இராவணன் கோட்டைப் பாறைத்தொடரிலே வெள்ளி நாணயங்களைக் கண்டபோதும் நிலைமை பெரிதும் மாறியிருக்கவில்லை. இன்று திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் தெற்கிலும் சுழியோடல் நிலையங்கள் பல உள. ஆயினும் கருவிகள் மிகுதியாகப் புழங்குவது உல்லாசப் பிரயாணிகளிடத்து மட்டுமன்று. மன்னார், யாழ்ப்பாணம், கற்பிட்டிக் கரைகளிலே கடலட்டையும் சங்கும் எடுத்துப் பிழைக்கும் தொழிலாளரிடத்தும் அவை புழங்குகின்றன. அவர்களுள் முறையான பயிற்சி பெறாதோர் பலர். ஒரே நாளிற் பல சிலிண்டர்களைப் பயன்படுத்தி ஆழத்தில் நெடுநேரம் தங்கி விரைந்து மேலே வருவதால், இரத்தத்திற் கரைந்த நைதரசன் குமிழியாகி, மூட்டு வலியால் வருந்தினோரும் கால் முடங்கினோரும் அக்கரைகளில் இருக்கின்றனர். அவர்கள் கையில் உள்ள கருவி கடையில் வந்ததோ, கைமாறி வந்ததோ, அதனோடு வந்திருக்க வேண்டிய சொல் வரவில்லை.

கைமாறும் சிலிண்டரை வாங்க நேர்ந்தால், அதன் தோளிலே பொறித்திருக்கும் எழுத்துக்களை வாசிக்கப் பழக வேண்டும். செய்த நாடு, வேலையழுத்தம், புரியின் அளவு, இறுதியாக நீரழுத்தச் சோதனை நடந்த மாதமும் ஆண்டும் அங்கே இருக்கும். அமெரிக்க விதிப்படி அச்சோதனை ஐந்தாண்டுக்கு ஒரு முறை நடைபெறும். உள்ளே துருவோ வெடிப்போ உண்டா என ஆண்டுதோறும் விளக்கிட்டுப் பார்ப்பதும் வழக்கம். 1990ஆம் ஆண்டிற்கு முன் செய்யப்பட்ட அலுமினியச் சிலிண்டர்களிற் சில, கழுத்திலே மெல்ல மெல்ல வெடிப்புக் காணும் உலோகக் கலவையால் ஆனவை. அவற்றை நிரப்ப மறுக்கும் கடைகள் பல. விற்பவர் எண்ணெய்ச்சாயம் பூசி எழுத்துக்களை மறைத்திருந்தால், சாயத்தைச் சுரண்டிப் பார்க்க அவர் சம்மதிக்கின்றாரா என்று கேட்டுவிட்டுப் பிறகு விலை பேசலாம்.