வண்டியிலும் உடையிலும் தேசியக் கொடி

குடியரசு தினம் கரும்பு அரைவைப் பருவத்தில் வருகின்றது. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளை நோக்கிக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர்கள் சிலவற்றில், அன்று மூவர்ணக் கொடி எஞ்சின் மூடியின்மீது போர்வைபோல் விரித்துக் கட்டப்பட்டிருப்பதைக் காண்கிறோம். கட்டிய அன்பரின் தேசபக்தியில் நமக்கு ஐயமில்லை. எனினும் 2002ஆம் ஆண்டு ஜனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள இந்தியக் கொடி விதித்தொகுப்பு, வாகனத்தின் முன்மூடி, மேற்புறம், பக்கங்கள், பின்புறம் ஆகிய எதன்மீதும் கொடியைப் போர்த்தலாகாது என்கின்றது. ரயிலுக்கும் படகுக்கும் இதுவே விதி.

மோட்டார் காரில் கொடி பறக்கவிடும் உரிமையோ பதவியைச் சார்ந்தது. குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், ஆளுநர்கள், பிரதமர், மத்திய மாநில அமைச்சர்கள், உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகள், நம் தூதரகத் தலைவர்கள் போன்றோர் அப்பட்டியலில் உள்ளனர். மாவட்ட ஆட்சியருக்கே அதில் இடமில்லை எனில், சங்கத் தலைவர்களும் நம்மைப் போன்ற ஆய்வாளர்களும் மனக்குறை கொள்ள நியாயமில்லை! காருக்குரிய கொடியின் அளவு 225 × 150 மில்லிமீட்டர். அதன் கம்பம் முன்மூடியின் நடுவிலோ, காரின் முன்புற வலப்பக்கத்திலோ உறுதியாகப் பொருத்தப்படல் வேண்டும். சர்க்கார் காரில் அயல்நாட்டுப் பிரமுகர் செல்லும்போது நம் கொடி வலப்புறமும் அவர் நாட்டுக் கொடி இடப்புறமும் அமையும்.

வீட்டிலும் சங்கக் கட்டடத்திலும் மரியாதையுடன் கொடியேற்றுவது குடிமக்களின் அடிப்படை உரிமையே என்று 2004ஆம் ஆண்டில் நவீன் ஜிண்டால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1976 வரை ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்த கல்வராயன் மலையிலுள்ள நம் அங்கத்தினர்களுக்கும் அவ்வுரிமை குறைவின்றி உண்டு. மலைக்காற்றில் கொடி விரைவில் கிழியும், கிழிந்ததைப் பறக்கவிடலாகாது. அதனை மறைவிடத்தில் முழுமையாக, கூடுமாயின் எரித்து, அழித்துவிட வேண்டும்.

உடையைப் பற்றிய விதி நெசவாள அன்பர்களுக்கு மிகவும் இன்றியமையாதது. முன்னர் உடையிலும் சீருடையிலும் கொடியைப் பயன்படுத்துதல் முற்றிலும் விலக்கப்பட்டிருந்தது. 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் 2005இல் திருத்தப்பட்டபின், இடுப்புக்குக் கீழ் அணிவனவற்றில் கொடி இடம்பெறுவதே குற்றமென வரையறுக்கப்பட்டது. ஆகவே சங்கப் பணியாளர் மார்பில் சிறு கொடிச்சின்னம் குத்திக்கொள்வதில் தவறில்லை. ஆனால் திண்டுறை, கைக்குட்டை, கை துடைக்கும் துணி, உள்ளாடை ஆகியவற்றிலும், எவ்வகை உடைத்துணியிலும் கொடியைப் பூவேலையாகவோ அச்சாகவோ இடுவது குற்றமாகும். மூன்றாண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

சக்கரத்துடன் மூவர்ணக் கரையிட்ட சேலைக்கு ஒரு வியாபாரி ஆர்டர் கொடுத்தால் என் செய்வது? சேலைக்கரை காலடியில் புரள்வது. அந்த ஆர்டரை ஏற்காதிருப்பதே நலம் என்போம். காவியையும் பச்சையையும் பாவில் ஓட்டுவதைச் சட்டம் தடுக்கவில்லை. அவை கொடியின் உருவம் கொள்ளும்போதே வினா எழுகின்றது. கோவையில் 2013 கிறிஸ்துமஸ் விழாவில் கொடியுருவம் பொறித்த கேக்கை வெட்டியது பற்றிய வழக்கில், அவமதிக்கும் எண்ணமின்றிக் குற்றமில்லை என 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது உண்மையே. அதனை நம்பித் தறியில் பாவேற்றுதல் அறிவுடைமையாகாது.

கொடித்துணி பற்றியும் ஒரு சொல். கைந்நூற்புக் கைத்தறித் துணியில் மட்டுமே கொடி செய்தல் வேண்டும் என்னும் விதி 2021 டிசம்பர் 30இல் தளர்த்தப்பட்டு, இயந்திரத்தில் செய்ததும் பாலியெஸ்டரும் அனுமதிக்கப்பட்டன. இந்தியத் தர நிறுவனத்தின் முதல் எண் பெற்ற தரவரையறையே கொடிக்குரியது. அத்தரத்தில் கொடி செய்யும் ஹூப்ளியின் கதர்ச் சங்கம் 2022இல் எதிர்ப்புத் தெரிவித்தது. விலை மலிவால் இல்லந்தோறும் கொடி பறந்ததை மறுப்பதற்கில்லை. ஆயினும் நூலையும் தறியையும் நம்பி வாழும் நாமே நம் கம்பத்தில் பாலியெஸ்டரை ஏற்றுவது நமக்கு உடன்பாடன்று. பருத்திக் கொடி வேண்டும் சங்கங்கள் பொங்கலுக்கு முன்பே வாங்கி வைத்தல் நலம். வாங்கும்போது நீளமும் உயரமும் 3:2 விகிதத்தில் உள்ளனவா என்று அளந்து, சக்கரத்தில் ஆரங்கள் 24 உள்ளனவா என்று எண்ணியும் வாங்குக.