படமும் கணக்கும்: இல்லத்தில் ஒரு பயிற்சி

தொடக்க வகுப்புகளில் பயிலும் நம் குழந்தைகளின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவோர், பழங்களோ பொம்மைகளோ வரிசை வரிசையாக அச்சிடப்பெற்ற பக்கம் ஒன்றைக் காண்பர். 'பட விளக்கப்படம்' என்பது அதன் பெயர். வண்ணம் நிறைந்திருப்பதால் அதனை ஓவியப் பயிற்சி என்றெண்ணிப் பெற்றோர் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். ஆனால், எழுத்தன்றி வேறு வடிவில் தாளில் அமைந்த செய்தியைப் படித்துப் பொருள்கொள்ளும் பழக்கம் குழந்தைக்கு அங்கேதான் தொடங்குகிறது.

ஏழு மாம்பழங்கள் ஒரு வரிசை. நான்கு வாழைப்பழங்கள் மறு வரிசை. "எது அதிகம்?" என்று வினவினால் குழந்தை தயங்காமல் மாம்பழத்தைக் காட்டும். "எத்தனை அதிகம்?" என்றால், "ஏழு" என்னும்! இதனை மந்தபுத்தி என்று கடிந்துகொள்ளுதல் தகாது. ஹட்சன் என்னும் ஆய்வாளர் 1983-இல் வெளியிட்ட கட்டுரையொன்று இங்கு நினைக்கத்தக்கது. சிறுவர்களுக்குச் சில பறவைகளையும், அவற்றினும் குறைந்த புழுக்களையும் படத்தில் காட்டி, பறவைகள் எத்தனை அதிகம் என்று கேட்டபோது பலர் தவறினர். ஆளுக்கொரு புழுவாகப் பறவைகள் பறந்து சென்று எடுத்தால் எத்தனைப் பறவைகளுக்குக் கிடைக்காமற் போகும் என்று கேட்டபோதோ, அதே சிறுவர்களுள் மிகப் பலர் சரியாகச் சொன்னார்கள். கணக்கு அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. கேள்வியின் சொற்களே தடையாக நின்றன. எனவே நாமும், "ஒரு மாம்பழத்துக்கு ஒரு வாழைப்பழம் துணை சேர், துணையின்றி நிற்பவை எத்தனை?" என்று கேட்போம். இணை சேர்ந்த நான்கையும் உள்ளங்கையால் மறைத்துவிட்டால், எஞ்சிய மூன்று கண்முன் நிற்கும்.

முதலிலேயே தாளையும் பென்சிலையும் எடுக்க வேண்டியதில்லை. வெறும் தீப்பெட்டிகள் போதும். காலையில் காப்பி அருந்துவோர், தேநீர் அருந்துவோர், பால் அருந்துவோர் யார் யார் என்று குழந்தையே பாட்டி முதல் அண்டை வீட்டார்வரை கேட்டு வரட்டும்; ஒருவருக்கு ஒரு பெட்டியாக அடுக்கட்டும். பெட்டிகள் ஒரே அளவின ஆதலால் அடுக்கின் உயரமே விடை கூறும். தாளில் வரையும்போதுதான் இடர் தோன்றும். குழந்தை யானையைப் பெரிதாகவும் எறும்பைச் சிறிதாகவும் வரையும், அது இயற்கைதானே! ஆனால் இரண்டு யானைகளின் வரிசை ஏழு எறும்புகளின் வரிசையினும் நீண்டுவிடும். சமமான கட்டங்களை முன்னதாகக் கிழித்துக் கொடுத்து, கட்டத்துக்கு ஒரு படம் என்று விதித்துவிடுவது நலம்.

இவ்விதி குழந்தைகளுக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் 1925-இல் சமூக, பொருளாதார அருங்காட்சியகம் ஒன்றை நிறுவிய ஓட்டோ நாய்ராத், பொதுமக்களுக்குப் புள்ளிவிவரங்களைப் படங்களால் விளக்கியபோது இதனையே கண்டிப்பாகக் கடைப்பிடித்தார்: தொகை மிகுந்தால் படங்களின் எண்ணிக்கை மிக வேண்டுமேயன்றி, ஒரே படம் பெருக்கக் கூடாது. காரணம் எளிது. பால் விற்பனை இருமடங்கானதைக் காட்டப் பால்குவளையை இருமடங்கு உயரமாக வரைந்தால், அகலமும் இருமடங்காகி, தாளில் நான்கு மடங்கு இடம் கொள்ளும். விளம்பரங்களில் இவ்வித்தையை இன்றும் காண்கிறோம். கட்டத்தில் வரைந்து பழகிய பிள்ளை அதனைக் கண்டு எளிதில் மயங்காது.

அடுத்த படி சற்றுக் கடினம். ஒரு படம் பலவற்றைக் குறிக்கும் நிலை அது. செருப்பிலிருந்து தொடங்கலாம், ஒரு சோடியின் படம் இரண்டு செருப்பு என்பதைக் குழந்தை எளிதில் ஏற்கும். பின்னர் ஒரு படம் பத்து என்போம்; 35-க்கு மூன்றரைப் படம். அரைப் படத்தையும் ஒன்றென எண்ணி "நாற்பது" என்னும் பிள்ளைகள் உண்டு. தாளின் மூலையில் எழுதியுள்ள குறிப்பை முதலில் வாய்விட்டுப் படிக்கச் செய்தல் இதற்கு மருந்து. 37-ஐ வரையச் சொல்லிப் படத்தைத் துண்டு துண்டாக வெட்டவைப்பது வீண் வேலை என்பது நம் கருத்து.

வரைந்த படம் வீட்டுக்குப் பயன்பட வேண்டும். ஒரு வாரம், செலவாகும் ஒவ்வொரு குடம் தண்ணீருக்கும் ஒரு குடத்தின் படத்தைக் குழந்தை அந்தந்த நாளின் வரிசையில் ஒட்டி வரட்டும். வெளியூர் சென்ற நாளின் வரிசை வெறுமையாயிருந்தால் அழித்துவிடாதீர்கள். சுழியத்துக்கும் அங்கே இடம் உண்டு. துணி துவைத்த சனிக்கிழமை வரிசை மற்றவற்றை மீறி நீளும். எத்தனை குடம் மிகுதி, அவை எங்கே போயின என்று கேளுங்கள். துணி அலசிய நீரை வாழைமரத்துக்கு விட்டிருந்தால், அதை எப்படி ஒட்டுவது என்று குழந்தை நம்மைத் திருப்பிக் கேட்கும்.