சுமப்பதா? உருட்டுவதா?

கோல்ப் விளையாட்டை எம்மில் பலர் தொலைக்காட்சியில் மட்டுமே கண்டிருப்போம். பரந்த புல்வெளியில் சிறிய வெள்ளைப் பந்தைத் தடியால் அடித்து, 18 குழிகளில் ஒன்றன்பின் ஒன்றாக விழுத்த வேண்டும். எமது நாட்டிலும் கொழும்பிலும் நுவரெலியாவிலும் ஆங்கிலேயர் காலத்திலேயே இதற்கு மைதானங்கள் அமைக்கப்பட்டன. இது வசதி படைத்தவர்களின் விளையாட்டுத்தான். ஆயினும் அவர்களிடையே நெடுநாளாக நடந்துவரும் ஒரு விவாதம், தினமும் தண்ணீரும் விறகும் சுமக்கும் எமக்கு மிகவும் பயன்படக்கூடியது.

விளையாடுபவர் 14 தடிகள் வரை கொண்டுசெல்லலாம். பையோடு சேர்த்தால் பாரம் 10 கிலோவைத் தாண்டிவிடும். 18 குழிகளையும் முடிக்க எட்டுக் கிலோமீற்றர் அளவில் நடக்க வேண்டும். பையைத் தோளில் சுமப்பதா, சில்லுப் பூட்டிய ரொலியில் தள்ளிச் செல்வதா என்பதே விவாதம். சுமப்பதுதான் உடம்புக்கு நல்லது, ரொலி முதியவர்களுக்கும் பலவீனர்களுக்கும் உரியது என்று பலர் எண்ணினார்கள். தள்ளிச் செல்வதை ஒரு வெட்கமாகவும் கருதினார்கள்.

அளந்து பார்த்தபோது

அமெரிக்காவின் டென்வர் நகரில் நீல் வொல்கோடொஃப் என்ற ஆய்வாளர் இதை அளந்து பார்த்தார். எட்டு ஆண்கள் ஒரே மைதானத்தின் 9 குழிகளை ஒவ்வொரு முறையிலும் விளையாடினார்கள். முடிவுகள் 2008 ஆம் ஆண்டளவில் வெளிவந்தன. பையைச் சுமந்தபோது உடல் செலவழித்த சக்தி 721 கலோரி. ரொலியைத் தள்ளியபோது 718 கலோரி. வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம். ஆகவே ரொலி தள்ளுபவர் சோம்பேறி அல்லர்.

ஆனால் விளையாட்டில் வித்தியாசம் இருந்தது. கோல்ப்பில் குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றியாளர். சுமந்தவர்கள் சராசரியாக 45 அடிகளும், தள்ளியவர்கள் 40 அடிகளும் எடுத்தார்கள். எட்டுப் பேரை மட்டும் கொண்ட சிறிய ஆய்வு இது. என்றாலும் எமக்கும் விளங்கக்கூடிய ஒரு காரணம் இதற்கு இருக்கலாம். தோளில் தொங்கும் பாரத்தை முள்ளந்தண்டும் நாரியும் தாங்குகின்றன. ஒரு பக்கம் பாரம் இழுக்க, உடம்பு மறுபக்கம் வளைகிறது. ரொலியில் அதே பாரத்தை நிலம் தாங்குகிறது. நாம் செய்வது அதை நகர்த்துவது மட்டுமே. அதனால் சேரவேண்டிய இடத்துக்குச் சேரும்போது உடம்பில் அடுத்த வேலைக்கான தெம்பு மிஞ்சுகிறது.

எமது கணக்கு

ஒரு லீற்றர் தண்ணீரின் நிறை ஒரு கிலோ. இடம்பெயர்ந்தோருக்கான சர்வதேச நியமப்படி ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர் வேண்டும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 75 லீற்றர், அதாவது 75 கிலோ. கிணறு 500 மீற்றர் தூரத்தில் இருந்தால், 20 லீற்றர் கானில் நான்கு தடவை போய்வர வேண்டும். மொத்தம் நான்கு கிலோமீற்றர் நடை, அதில் பாதித் தூரம் பாரத்தோடு. நான்கு கான்களையும் ஒரு வண்டிலில் ஏற்றினால் ஒரு கிலோமீற்றரோடு வேலை முடிந்துவிடும்.

“எங்களுக்குச் சுமந்து பழக்கம்தானே” என்று சிலர் சொல்லலாம். கென்யாவில் தலையில் சுமந்து பழகிய பெண்களை ஆராய்ந்து 1986 இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. தம் உடல் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு வரையான பாரத்தை அவர்கள் மேலதிக சக்தி செலவழிக்காமலே சுமந்தார்கள். ஆனால் 45 கிலோ நிறையுள்ள பெண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கு என்பது 9 கிலோதான். நிறைந்த ஒரு கான் அதன் இரண்டு மடங்குக்கும் மேல். களைப்பு வேறு, தேய்வு வேறு. தென்னாபிரிக்காவில் தண்ணீர் சுமப்பவர்களிடம் 2010 இல் வெளியான ஓர் ஆய்வுக்காக விசாரித்தபோது, பலர் கழுத்து வலியும் முதுகு வலியும் இருப்பதாகச் சொன்னார்கள்.

அதே தென்னாபிரிக்காவில் 1991 இல் இரண்டு பொறியியலாளர்கள் ஹிப்போ ரோலர் என்ற உருளையை உருவாக்கினார்கள். 90 லீற்றர் தண்ணீர் கொள்ளும் அந்தப் பிளாஸ்ரிக் பரலே சில்லாக உருளும். கைபிடியால் தள்ளிச் செல்லலாம். சமநிலத்தில் ஏறக்குறைய 10 கிலோவைத் தள்ளுவது போலவே இருக்கும்.

நாமும் செய்யலாம்

பழைய சைக்கிள் சில்லுகள் இரண்டு, ஓர் இரும்பு அச்சு, மரச்சட்டம் இருந்தால், இரும்பு ஒட்டும் கடையிலோ தச்சரிடமோ ஒரு கைவண்டில் செய்விக்கலாம். தனியாக முடியாவிட்டால் அயலில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒன்றைச் செய்வித்து முறைவைத்துப் பாவிக்கலாம். மாதர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள்.

* கைபிடி இடுப்புக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கட்டும்.
* பாரம் அச்சுக்கு நேர் மேலே வரும்படி அடுக்குங்கள். கை பாரத்தைத் தூக்கவும் கூடாது, அமத்தவும் கூடாது.
* கான்களை மூடிக் கட்டுங்கள். தளம்பும் தண்ணீர் வண்டிலைச் சரிக்கும்.
* ரயரில் காற்றுக் குறைந்தால் தள்ளுவது கடினம்.
* இயன்றவரை இழுப்பதைவிடத் தள்ளுங்கள். இறக்கத்தில் அவசரப்பட வேண்டாம்.

மணலிலும் படிகளிலும் சில்லு உதவாது. அங்கே ஒரு பெரிய கானுக்குப் பதிலாக, இரண்டு கையிலும் சம அளவான சிறிய கான்களைக் கொண்டுசெல்லுங்கள். தூக்கும்போது முழங்காலை மடித்து, பாரத்தை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். பிள்ளை பெற்ற ஆறு கிழமைக்குள் பாரம் தூக்க வேண்டாம். கர்ப்பப்பை இறக்கம், கால் விறைப்பு, சிறுநீர் கசிவு இருந்தால் வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். உடம்பில் செல்துண்டு உள்ளவர்களும் செயற்கைக்கால் பொருத்தியவர்களும் எவ்வளவு தூக்கலாம் என்பதை இயன்மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

யுத்தம் பல வீடுகளில் துணையைப் பறித்துச் சென்றுவிட்டது. இருவர் பகிர்ந்த சுமை ஒருத்தியின் நாரியில் இறங்கியது. வண்டில் தள்ளுவது ஆண்களின் வேலை என்றோ, சோம்பல் என்றோ ஊர் சொன்னால் சொல்லட்டும். கோல்ப் மைதானத்திலும் அப்படித்தான் சொன்னார்கள். நிலம் தாங்கக்கூடிய பாரத்தை நிலத்திடமே விட்டுவிடுவோம். பிள்ளைகளை வளர்த்தெடுக்க எமது முதுகு இன்னும் பல வருடங்கள் நிமிர்ந்து நிற்க வேண்டும்.