சாமை ஆலைக்கு எத்தனை யூனிட்?

போன வாரம் முப்பந்தல் காற்றாலைகளோடு நிறுத்தியிருந்தோம். ஆடிக் காற்றில் மின்சாரம் கொட்டுகிறது. வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் சில நேரம் காற்றாலைகளையே நிறுத்தச் சொல்கிறார்கள். அந்த மிச்ச மின்சாரத்தில் ஹைட்ரஜன் தயாரித்து ஊர் ஊராகக் கொடுத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். இதற்கு விடை தேட ஜவ்வாது மலைக்குப் போவோம். துறைமுகத்தில் நின்று கேட்டால் விடை வேறு மாதிரி வந்துவிடும்.

ஆலங்காயத்திலிருந்து மலையேறினால் காவலூர். அங்கே வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். நட்சத்திர ஒளியைப் பிரித்துப் பார்ப்பவர்களுக்கு 656.3 நானோமீட்டரில் தெரியும் சிவப்புக் கோடு பழைய சிநேகிதம். ஹைட்ரஜனின் கையெழுத்து அது. வானம் முழுக்க அதுதான் கொட்டிக் கிடக்கிறது. பூமியிலோ அது பெரும்பாலும் தண்ணீரோடும் இயற்கை எரிவாயுவோடும் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. பிரித்தெடுக்க ஆற்றல் செலவழிக்க வேண்டும்.

எவ்வளவு? தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் வேண்டும். அந்த ஒரு கிலோவை எரிகலத்தில் போட்டு மறுபடி மின்சாரமாக்கினால் கைக்கு வருவது சுமார் 17 யூனிட். ரூபாயை டாலராக்கி, அதே டாலரைத் திரும்ப ரூபாயாக்குகிறவன் இரண்டு தடவையும் கமிஷன் கொடுப்பான் அல்லவா, அந்தக் கதைதான். பாட்டரியில் வைத்தால் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு திரும்பும். வால்பாறைப் பக்கம் காடம்பாறையில் தண்ணீரை மேலே ஏற்றி இறக்கும் 400 மெகாவாட் நிலையம் இருக்கிறது. அந்த முறையில் ஏறக்குறைய முக்கால் பங்காவது தேறும்.

இந்த இடத்தில் அமுல்ய ரெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெங்களூரில் பிறந்தவர், படிப்பு மின்வேதியியல். லண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் முடித்ததும் வேலை பார்த்தது நம் காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து உருவான ‘சிக்ரி’ மின்வேதியியல் ஆய்வகத்தில். பிறகு அமெரிக்கா போய் ஜான் போக்ரிஸோடு சேர்ந்து மின்வேதியியலுக்கு ஒரு பாடநூல் எழுதினார். உலகம் முழுக்க மாணவர்கள் படித்த நூல் அது. ‘ஹைட்ரஜன் பொருளாதாரம்’ என்ற சொல்லை 1970-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இதே போக்ரிஸ்தான்.

ரெட்டி நினைத்திருந்தால் ஹைட்ரஜனிலேயே காலத்தை ஓட்டியிருக்கலாம். அவரோ பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் ‘அஸ்த்ரா’ என்ற கிராமத் தொழில்நுட்பப் பிரிவைத் தொடங்கி, தும்கூர் மாவட்டக் கிராமங்களில் வீடு வீடாக ஏறி இறங்கினார். எவ்வளவு விறகு, யார் சுமக்கிறார்கள், எத்தனை மணி நேரம் என்று அவர் குழு கணக்கெடுத்தது. பூரா என்ற கிராமத்தில் சமையலுக்கென்று சாண எரிவாயுக் கலன் வைத்தார்கள். சாணம் பற்றவில்லை, திட்டம் படுத்துவிட்டது. மக்களுக்கோ குடிதண்ணீர்தான் பெரிய பாடாக இருந்தது. 1987-இல் அதே வாயுவை இன்ஜினுக்குக் கொடுத்து மின்சாரம் எடுத்து, ஆழ்குழாய்த் தண்ணீரை ஏற்றினார்கள், வீடுகளுக்கு விளக்கும் போட்டார்கள். அது நிலைத்தது.

அந்த அனுபவத்தை மாநிலக் கணக்காக விரித்ததுதான் ‘டிஃபெண்டஸ்’ என்ற ஆற்றல் மாதிரி. ஆற்றல் மாதிரி என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை: நாளைக்கு யாருக்கு, எதற்கு, எவ்வளவு ஆற்றல் வேண்டும், அதை எந்த வழியில் கொடுத்தால் என்ன செலவு என்று போட்டுப் பார்க்கும் கணக்கு. கர்நாடக அரசின் நீண்டகாலத் திட்டம் 2000-ஆம் ஆண்டுக்கு 9,400 மெகாவாட்டுக்கு மேல் வேண்டும் என்றது. ரெட்டி குழு விளக்கு, பம்புசெட், வெந்நீர், ஆலை என்று உபயோகத்திலிருந்து தொடங்கி எல்லா வீட்டுக்கும் மின்விளக்கைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தது. சுமார் 4,000 மெகாவாட் போதும் என்று வந்தது. செலவும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். 1991-இல் இது வெளியானபோது பலருக்கு உறைத்தது. மின்வாரியங்கள் அந்தப் பாடத்தை முழுதாகப் படித்தன என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ரெட்டியின் முறையை ஜவ்வாது மலையில் போட்டுப் பார்க்கலாம். ஐம்பது வீடுள்ள ஒரு மலைக் கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு மூன்று 9 வாட் எல்.இ.டி. பல்பு, ராத்திரி ஐந்து மணி நேரம். மொத்த ஊருக்கும் ஏழு யூனிட்கூட ஆகாது. அடுத்தது சாமை. இந்த மலையின் பயிரே அதுதான். அதன் உமி நெல்லைப்போல லேசில் கழலாது. உரலில் குத்தியே பெண்களுக்குத் தோள் விட்டுப்போகும். குத்த முடியாதபோது உமியோடு மூட்டை கட்டி வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். அரிசியாக்கினால் கிடைக்கும் லாபம் கீழே உள்ளவனுக்குப் போகும். 2 எச்.பி. மோட்டார் வைத்த உமி நீக்கும் இயந்திரம் நாளுக்கு நாலு மணி நேரம் ஓடினால் ஆறு யூனிட். இரண்டும் சேர்த்துப் பதின்மூன்று யூனிட்.

இதைப் பாட்டரியில் சேமித்துக் கொடுக்கச் சூரியத் தகடுகள் பதினைந்து யூனிட் அளவுக்கு உற்பத்தி செய்தால் போதும். ஹைட்ரஜன் வழியாகக் கொடுக்க நாற்பது யூனிட் வேண்டும். அதற்கு மேல் அழுத்த உருளை, கம்ப்ரசர் வேறு. அது கெட்டுப்போனால் கொண்டை ஊசி வளைவேறி வந்து யார் பார்ப்பது? அடுப்புதான் கடினமான கணக்கு. சிலிண்டருக்குக் காசு வேண்டும், விறகுக்குக் கால் நடந்தால் போதும் என்பதால் விறகுக் கட்டு இன்னும் தலையைவிட்டு இறங்கவில்லை. அதற்கும் ஹைட்ரஜன் தீர்வல்ல. மானிய சிலிண்டரும் இண்டக்‌ஷன் அடுப்பும் அதைவிட மலிவு.

அப்படியானால் ஹைட்ரஜன் வீணா? இல்லை. மின்சாரத்தால் ஈடுசெய்ய முடியாத இடத்தில் அதுதான் ராஜா. ஒரு டன் அம்மோனியாவுக்கு 177 கிலோ ஹைட்ரஜன் வேண்டும்; அம்மோனியா இல்லாமல் யூரியா இல்லை. தூத்துக்குடி ஸ்பிக், மணலி எம்.எஃப்.எல். போன்ற உர ஆலைகளும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும்தான் அதன் பெரிய வாடிக்கையாளர்கள். இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுத்தால் கிலோவுக்கு 9, 10 கிலோ கரியமில வாயு வெளியேறும். பசுமை ஹைட்ரஜன் என்று பெயர் வாங்க 2 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது 2023-இல் மத்திய அரசு வகுத்த வரையறை. அதே ஆண்டு ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கம் ஒப்புதல் பெற்றது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு.

இந்தப் பணம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதில்தான் நமக்குக் கண் வேண்டும். 2025 செப்டம்பரில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் ஒரு சிறிய பசுமை ஹைட்ரஜன் சோதனை நிலையம் தொடங்கியது. அந்த ஹைட்ரஜன் துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் மின்வாகன சார்ஜிங்குக்கும் போகிறது. பழகிப் பார்க்கிற சோதனையாக அது நல்லது. தெருவிளக்குக்கு ஹைட்ரஜன் என்பதையே கொள்கையாக்கினால் ரெட்டி தலையில் அடித்துக்கொண்டிருப்பார். அதே தூத்துக்குடியில் பசுமை அம்மோனியா தயாரித்து ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்யும் பெரிய திட்டங்களும் பேச்சில் இருக்கின்றன. நம் உர ஆலைகளுக்கு முதல் பந்தி, மிச்சம் கப்பலேறட்டும் என்பது என் கட்சி.

நிதி ஆயோக்கின் ‘ஐ.இ.எஸ்.எஸ். 2047’ என்ற ஆற்றல் கணக்கு யாரும் பார்க்கும்படி இணையத்தில் திறந்தே கிடக்கிறது. எந்தத் துறைக்கு எவ்வளவு என்று நீங்களே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் உட்காரவையுங்கள். அடுத்த வாரம் காடம்பாறை.