சீட்டுக்கு அடியில் ஒரு தியேட்டர்! தெரியுமா?

சோழவந்தானில் காரைக் கிளப்பி, வாடிப்பட்டி பக்கம் நான்குவழிச் சாலையில் ஏறி வடக்கே விட்டால் அந்த ரோடு எதுவரை போகும் தெரியுமா? காஷ்மீர் வரைக்கும்! கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கிற என்.எச்.44 அதுதான். நீளம் 3,700 கிலோமீட்டருக்கும் மேல்! அந்தத் தூரம் முழுக்க, டவரே இல்லாத காட்டுக்குள்ளும் படம் தடங்கலில்லாமல் ஓட என்ன வேண்டும்? ஒரு மெமரி கார்டும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரும் போதும்!

அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரின் பெயர் ராஸ்பெர்ரி பை. எவ்வளவு குட்டி? 8.5 சென்டிமீட்டர் நீளம், 5.6 சென்டிமீட்டர் அகலம்! 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே சோழவந்தான் வெற்றிலை, அதில் நல்ல இலையாக ஒன்றை மேலே போட்டால் போர்டே மறைந்துவிடும்!

இது பிறந்த நாள் தெரியுமா? 2012 பிப்ரவரி 29! நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் பர்த்டே கேக்! பிள்ளைகள் புரோகிராமிங் பழகட்டும் என்று பிரிட்டனில் உருவாக்கியது, 6 கோடிக்கு மேல் விற்றுத் தீர்ந்திருக்கிறது. இதைவிட ஆச்சரியம் 2015-ல் நடந்தது. ‘பை ஜீரோ’ என்ற 9 கிராம் கம்ப்யூட்டரை ஒரு பத்திரிகையின் அட்டையில் ஒட்டி இலவசமாகவே கொடுத்தார்கள்! நம்மூர் பத்திரிகையில் ஷாம்பு பாக்கெட் ஒட்டித்தான் பார்த்திருக்கிறோம்!

சரி, இது எப்படி தியேட்டர் ஆகிறது? ஜெல்லிஃபின் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதை ஏற்றி, படங்களையும் பாட்டுகளையும் கார்டில் போட்டு, பையின் ஹாட்ஸ்பாட்டையும் அமைத்துவிட்டால், பை தானே ஒரு வைஃபை வட்டத்தை உண்டாக்கும். காரில் இருக்கிறவர்கள் போனில் அந்த வைஃபையைப் பிடித்து, பிரவுசரைத் திறந்து, வேண்டியதைத் தட்டினால் படம் ஓடும். நெட் பேக்கில் ஒரு எம்.பி. கூடக் குறையாது!

1952-ல் ‘பராசக்தி’யோடு திறந்த மதுரை தங்கம் தியேட்டரில் 2,500 பேருக்கு மேல் உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்த்தார்கள். இங்கே நாலு பேர் நாலு படம் பார்க்கலாம்! ஓட்டுகிறவருக்கு மட்டும் பாட்டுதான். அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்!

ஒரு டெராபைட் மைக்ரோ கார்டின் நீளம் 15 மில்லிமீட்டர், அகலம் 11. அதற்குள் எத்தனை படம்? மூன்று மணி நேரப் படம், நல்ல எச்.டி. தரத்தில் சுமார் 7 ஜி.பி. என்று வைத்தால் 140-க்கு மேல்! மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகருக்கு மூன்று முறை போய்த் திரும்பினாலும் பார்க்காத படம் பாக்கி இருக்கும்!

பழைய ஃபிலிம் சுருளாக இருந்தால்? ஒரு நிமிஷப் படத்துக்கு 90 அடி ஃபிலிம்! மூன்று மணி நேரத்துக்கு 16,200 அடி, கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர்! ஐந்தே ஐந்து படத்தின் சுருளை ரோட்டோரமாகப் பிரித்துக்கொண்டே போனால் சோழவந்தானிலிருந்து மதுரை வந்துவிடும்!

பாட்டுக் கணக்கு இன்னும் மயக்கம் போடவைக்கும். சோழவந்தானை ஒட்டிய தென்கரை பெற்ற பிள்ளை டி.ஆர். மகாலிங்கம். 1938-ல் ‘நந்தகுமார்’ படத்தில் சின்னப் பையனாக அறிமுகமானவர். தமிழில் பின்னணிப் பாடல் முதன்முதலில் ஒலித்ததும் அந்தப் படத்தில்தான் தெரியுமா? அவர் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு சுமார் மூன்று நிமிஷம்தான். அதே மூன்று நிமிஷம் எம்.பி.3-யில் 3 எம்.பி. ஒரு டெராபைட்டில் 3,30,000 பாட்டு! இரவும் பகலும் விடாமல் கேட்டால் ஒரு வருஷம் பத்து மாசத்துக்கு மேல் ஓடும்! அத்தனையையும் இசைத்தட்டாக வாங்கினால்? தட்டு ஒன்று 200 கிராம் என்றாலும் 33 டன்! எந்தக் கார் தாங்கும்?

1956-ல் ஐ.பி.எம். கம்பெனி உலகின் முதல் ஹார்டு டிஸ்க் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அந்த டிஸ்க் யூனிட்டின் எடை ஏறக்குறைய ஒரு டன்! கொள்ளளவு? 4 எம்.பி. கூட இல்லை! அதாவது ஒரே ஒரு பாட்டு! அதே வருஷம் அமெரிக்காவில் கிரைஸ்லர் கார்களில் ரெக்கார்டு பிளேயரே வைத்து விற்றார்கள்! ரோடு குலுங்கினாலும் முள் தாவக் கூடாது என்று தனியாகத் தட்டுகளே செய்தார்கள்! நம்ம கிராமத்து ரோட்டில் அது எப்படிப் பாடியிருக்கும் என்று யோசித்தாலே சிரிப்பு வருகிறது.

கரண்ட்? சாதாரண வேலைக்கு சுமார் 5 வாட்தான்! 20,000 எம்.ஏ.எச். பவர்பேங்க் ஒன்று, மதுரையிலிருந்து சென்னை போய்ச் சேரும்வரை தாங்கும்! காரின் லைட்டர் பாயின்ட்டில் நேரடியாகச் செருகினால், வண்டியை அணைத்ததும் பல கார்களில் பைக்கும் பட்டென்று கரண்ட் போகும். அப்போது கார்டில் இருப்பது கெட்டுப்போகலாம்! நடுவில் பவர்பேங்க் இருந்தால் தப்பிக்கலாம். சார்ஜ் ஏறும்போதே கரண்ட் கொடுக்கும் ரகமா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, சூடு 80 டிகிரியைத் தொட்டால் பை தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்! மதுரை சித்திரை வெயிலில் டேஷ்போர்டு மேல் வைக்கலாமா? சீட்டுக்கு அடிதான் அதற்கு ஊட்டி!

படத்தைப் போனுக்குக் கொண்டுவரும் வைஃபை வேகம் பிடித்த கதை தெரியுமா? ஜான் ஓசல்லிவன் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி, வெடிக்கும் குட்டிக் கருந்துளைகளின் சிக்னலைத் தேடினார். அது சிக்கவேயில்லை! அதற்காகப் போட்ட கணக்குதான் பின்னாளில் வைஃபையை வேகமாக்க உதவியது!

கியூபாவில் நெட் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தபோது மக்கள் என்ன செய்தார்கள்? வாராவாரம் சுமார் ஒரு டெராபைட் படமும் பாட்டும் சீரியலும் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிக் கைக்குக் கை நாடு முழுக்கச் சுற்றவிட்டார்கள்!

நம் ரயில்வேயும் சும்மா இல்லை. 2017-ல் மும்பை - கோவா தேஜஸ் ரயிலில் சீட்டுக்கு சீட்டு திரை வைத்து, ஹெட்போனும் கொடுத்தார்கள். முதல் பயணம் முடிந்ததும் பல ஹெட்போன்களைக் காணோம்! அதனால் காரில் தியேட்டர் வையுங்கள், ஹெட்போனை மட்டும் அவரவரே கொண்டுவரச் சொல்லிவிடுங்கள்!