சட்டைக் கழுத்தில் ஒரு சீட்டு

மாணவர்களே, நீங்கள் அணிந்திருக்கும் சட்டையின் பின்கழுத்தைச் சற்றே தடவிப் பாருங்கள். உறுத்துகிறது என்று பலர் கத்தரித்து எறிந்துவிடும் ஒரு சிறு சீட்டு அங்கே தைக்கப்பட்டிருக்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு வரும் சட்டை, அந்தச் சீட்டின்றியோ பொய்யான சீட்டுடனோ விற்பனைக்கு வருதல் சட்டப்படி குற்றம். இத்தனை கண்டிப்பு ஏன்?

1940களில் அந்நாட்டில், மாடு மேய்ப்போரைப்போல் குழந்தைகள் வேடம் புனைந்து விளையாடுவதற்கான உடைகள் விற்கப்பட்டன. ரேயான் இழையை மயிர்போல் எழுப்பிச் செய்தவை அவை. தீப்பொறி பட்டதும் சுடர் நொடியில் உடலெங்கும் பரவ, குழந்தைகள் சிலர் மாண்டனர். அவ்வகை ரேயான் ஸ்வெட்டரை மக்கள் ‘தீவட்டி ஸ்வெட்டர்’ என்றே அழைத்தனர். 1953-இல், எளிதில் தீப்பற்றும் துணிகளைத் தடுக்கும் சட்டம் பிறந்தது.

அதன்படி, துணித் துண்டை 45 பாகைச் சாய்வில் பொருத்தி, ஒரு நொடி மட்டும் சுடரைக் காட்டுவர். தீ 127 மில்லிமீட்டர் ஏற எத்தனை நொடி ஆகிறது என்று அளப்பர். மயிர் எழுப்பாத துணியில் அது 3.5 நொடிக்குக் குறைந்தால், அத்துணி ஆடைக்கு ஆகாது.

எத்துணி விரைந்து எரியும் என்று வகுப்பில் கேட்டால், நைலான் என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். ஆனால் நைலானுக்கும் பாலியஸ்டருக்கும் இச்சோதனையிலிருந்து விலக்கு உண்டு! வெப்பம் பட்டதும் அவை சுருங்கி, உருகி, சுடரைவிட்டு விலகுகின்றன. ரேயானோ மரக்கூழிலிருந்து பிறந்தது, பருத்திக்கு உறவு, காகிதம்போல் எரியும். விலக்கு உண்டு என்பதால் தீங்கில்லை என்று எண்ணவேண்டா. உருகிய நைலான் தோலில் ஒட்டினால் கொடிய புண்ணாகும். குழந்தைகளின் இரவு உடைக்குத் தனியே கடுமையான விதிகள் உள்ளன.

இனிச் சீட்டுக்கு வருவோம். 1958-இல் இயற்றப்பட்டு 1960-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், இழைகளின் பொதுப்பெயர், ஒவ்வொன்றின் எடை விழுக்காடு, செய்த நாடு, பொறுப்பேற்கும் நிறுவனம் ஆகியவற்றைக் கேட்கிறது. ‘டெரிலின்’ என்னும் வணிகப் பெயர் மட்டும் போதாது. ‘பாலியஸ்டர்’ என்றே எழுதவேண்டும். என் இளமையில் டெரிகாட்டன் சட்டை எடுக்கச் சென்றபோது, பருத்தி எவ்வளவு என்று என் தந்தையார் வினவினார். “பாதிக்குப் பாதி” என்றார் கடைக்காரர். சித்திரை வெயிலில் அதை அணிந்து வியர்த்த எனக்கு அந்தப் பாதியில் இன்றும் ஐயம் உண்டு.

சுங்கத்தில் இவ்வையம் பணமாக மாறிவிடுகிறது. கலப்பிழை ஆடை, எடையில் மிகுந்த இழையின் இனத்தைச் சேரும் என்பது உலக நாடுகள் ஏற்ற முறை. அமெரிக்கப் பட்டியலில், பருத்தி மிகுந்த பின்னல் ஸ்வெட்டருக்குப் பொதுத் தீர்வை 16.5 விழுக்காடு; செயற்கை இழை மிகுந்ததற்கு 32. பருத்தி 51 பங்கு என்று அறிவித்ததை ஆய்வுக்கூடம் 49 என்று கண்டால், தீர்வை ஏறத்தாழ இருமடங்காகும். தக்க கவனத்துடன் உண்மையை அறிவிக்கும் பொறுப்பை 1993-ஆம் ஆண்டுச் சட்டம் இறக்குமதியாளர்மீதே சுமத்தியது. அவரோ ஆடை செய்தவரைக் கேட்பார்.

திருப்பூரில் பின்னலாடை செய்யும் என் பழைய மாணவர் ஒருவர், துணியை ஆய்வுக்கு அனுப்பி விடை வந்த பின்னரே சீட்டை அச்சிடக் கொடுக்கிறார். முன்னொரு முறை சீட்டு அச்சான பிறகு நூலை மாற்றிவிட்டார்களாம். கப்பலேறக் காத்திருந்த பெட்டிகளையெல்லாம் பிரித்து, இரவு முழுதும் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துப் புதியவற்றைத் தைத்தார்களாம்.