ஜாரியாவின் அடியில் எரியும் தீ

கோடையில் ஜவ்வாது மலையில் காடு பற்றினால், ஆலங்காயம் பக்கத்து மக்களும் வனத்துறையினரும் பச்சைத் தழையால் அடித்தும் தீத்தடுப்புக் கோடு வெட்டியும் அடக்கிவிடலாம். மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும். ஜார்க்கண்டின் தன்பாத் மாவட்டத்தில், ஜாரியா நிலக்கரி வயலில் எரியும் தீ எந்த மழைக்கும் அடங்குவதில்லை. 1916இல் கண்டறியப்பட்ட தீ அது.

நிலக்கரி காற்றுபட்டாலே மெல்லச் சூடேறும். அந்தச் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் தானாகவே பற்றிக்கொள்ளும். தனியார் முதலாளிகள் கரியை அள்ளிக்கொண்டு, குடைந்த இடங்களை மணலால் நிரப்பாமல் விட்டுப்போனார்கள். நிலம் உள்வாங்கி வெடித்தது. வெடிப்பு வழியே காற்று இறங்கியது. தண்ணீர் ஊற்றினாலும், பாறையே கொதிப்பதால் காற்று புகுந்ததும் கரி மறுபடி கனலும்.

1970களின் தொடக்கத்தில் சுரங்கங்கள் அரசின் கைக்கு வந்தன. வெடிப்புகளை மண்ணால் மூடுவது, உள்ளே மணலும் சாம்பலும் நிரப்புவது, நைட்ரஜன் செலுத்துவது, அகழி வெட்டித் தீயைத் தனிமைப்படுத்துவது எனப் பல வழிகள் முயலப்பட்டன. எரியும் கரியை அப்படியே தோண்டி எடுப்பதும் அவற்றில் ஒன்று. எஃகு ஆலைகளுக்கு வேண்டிய கோக்கிங் கரியும் அதில் மிஞ்சும். 2009இல் 7,112 கோடி ரூபாயில் பெருந்திட்டம் வந்தது. மேற்பரப்பில் தீ தெரிந்த 77 இடங்கள் 27 ஆகவும், தீப்பரப்பு 8.9 சதுர கிலோமீட்டரிலிருந்து 1.8 ஆகவும் குறைந்துவிட்டதாக அரசு சொல்கிறது. பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் 2017இல் தீயின் அபாயத்தால் தன்பாத்–சந்திரபுரா ரயில் பாதையையே மூட வேண்டியிருந்தது, 2019இல்தான் திறந்தார்கள்.

மக்களை இடம் மாற்றுவதில்தான் திட்டம் சறுக்கியது. 2021இல் அதன் காலம் முடிந்தபோதும் ஏராளமான குடும்பங்கள் புகையும் நிலத்தின் மேலேயே இருந்தன. இடம் மாற்றப்பட்டோருக்கான பெல்காரியா குடியிருப்பில் வீடு கிடைத்தவர்களுக்கோ பக்கத்தில் பிழைப்பு இல்லை. கரி பொறுக்கியும் சுமந்தும் வாழ்ந்தவர்கள் அங்கே எதைச் செய்வார்கள்? அமெரிக்காவின் சென்ட்ரேலியாவில் 1962இல் பற்றிய சுரங்கத் தீயை அணைக்க முடியாமல், அரசு பணம் கொடுத்து ஊரையே காலி செய்தது. அது சிற்றூர். ஜாரியாவில் இருப்பவர்கள் லட்சக்கணக்கானோர்.

2025 ஜூனில் மத்திய அமைச்சரவைக் குழு 5,940 கோடி ரூபாயில் திருத்திய திட்டத்தை ஏற்றது. குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் வாழ்வாதார உதவி, 3 லட்சம் வரை கடன், தொழிற்பயிற்சி ஆகியவை இதில் உண்டு. சரியான திருத்தம், தாமதமாக வந்தது. இனி அணைத்த தீயின் பரப்போடு, வேலை கிடைத்த குடும்பங்களின் எண்ணிக்கையையும் அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.